வளைந்த சைடு ஸ்டாண்டு

காலை ஏழே கால். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரம் சோலைராஜ் குப்புறக் கிடந்தான். சேத்தூர்க்காரன், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடுகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். அவனுக்குப் பக்கத்தில் நசுங்கிய பைக். சற்றுத் தள்ளி, புளியமரத்தில் முட்டி நின்ற வெள்ளைக் கார்.

சப்-இன்ஸ்பெக்டர் மாரிக்கனி வந்து இறங்குவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. இறந்தவனின் செல்போன் யாரோ ஒருவர் கையில் இருந்தது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. மறுமுனையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். ‘போன் பேசிக்கிட்டே ஓட்டிச் செத்துட்டான்’ என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். மாரிக்கனிக்குச் சுர்ரென்று ஏறியது. போனைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்தை விரட்டினாள்.

காரை ஓட்டிவந்தவர் விக்னேஸ்வரன், பேண்டேஜ் துணி ஆலை முதலாளி. கன்னத்தில் கோடு கிழித்தாற்போல நேரான வெட்டு. பைக்கில் வந்தவன் போன் பேசியபடி நடுச்சாலையில் தடுமாறிக் குறுக்கே வந்தானாம், இவர் இடப்பக்கம் ஒடித்தும் தப்பவில்லையாம். இவருடைய போன் கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டரில் இருந்ததாம்.

“ஹோல்டர்ல மாட்டி மேப் பாக்குறதுக்குத் தடை இல்ல மேடம். எங்க டிரைவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கேன்.”

“கன்னத்துல என்ன?”

“கண்ணாடி கிழிச்சிருச்சு.”

மாரிக்கனி காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஏர்பேக் வெடித்து ஸ்டீயரிங்கில் தொங்கியது. ஹோல்டர் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. எந்தக் கண்ணாடியிலும் விரிசல் இல்லை. விக்னேஸ்வரனின் போன் பின் சீட்டில் திரை நொறுங்கிக் கிடந்தது.

அடுத்து பைக். சைடு ஸ்டாண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தப் பார்த்த யாராவது போட்டிருப்பார்கள் என்றார் ஏட்டு சமுத்திரம். மாரிக்கனி அதைக் காலால் தள்ளினாள். முறுக்கிக்கொண்டு இறுகியிருந்த அந்த இரும்பு அசையவில்லை. பிறகு சாலையோர வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மண்ணில் குனிந்து தேடினாள். கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு குழி. அங்கிருந்து சாய்வாக ஒரு கீறல், பைக் கிடந்த இடம்வரை.

அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் சோலைராஜின் மனைவி செல்லக்கனி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். போனில் அலறியது அவள்தான். சோலைராஜின் சித்தப்பா இருளப்பசாமி, பொண்டாட்டி போன்தான் அவனுக்கு எமன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பழியோடு உடலை எடுக்க விடமாட்டேன் என்று அவள் மறித்திருந்தாள்.

அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று மாரிக்கனி கேட்டாள்.

“‘செத்த இரு, ஓரங்கட்டிட்டுப் பேசுதேன்’னாரு. பொறவு ‘நின்னுட்டேன், சொல்லுட்டி’ன்னாரு. பிள்ளைக்குக் காச்சல்னு சொல்ல வாயெடுத்தேன். அம்புட்டுதான்.” செல்லக்கனி முகத்தைத் துடைத்தாள். “நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவ.”

பிற்பகலில் விக்னேஸ்வரன் காவல் நிலையத்துக்கு வந்தார். கூடவே உறவுக்காரர்கள் நான்கு பேர். இறந்தவன் மீதே வழக்கை எழுதி முடித்துவிடலாமே என்றார்கள். மாரிக்கனி மேசையில் கையூன்றி எழுந்தாள்.

“சோலைராஜக் கொன்னது அவன் போன் இல்ல. உங்க போன்.”

உறவுக்காரர்கள் விக்னேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவன் ஓட்டிக்கிட்டு வரல. ஓரத்துல ஸ்டாண்டு போட்டு நின்னான். மண்ணுல அது ஊனுன குழி இருக்கு, நீங்க இடிச்சுத் தள்ளுன கீறலும் இருக்கு. பொறவு யாரோ போட்டாங்கன்னு சொல்ல முடியாது. முறுக்கிப்போன ஸ்டாண்டு, மடக்கவும் வராது, விரிக்கவும் வராது.”

“என் போன் ஹோல்டர்ல…”

“ஹோல்டர்ல இருந்தா முன்னாலதான் விழும். பின் சீட்டுக்குப் பறக்காது. ஸ்டீயரிங்குக்கு மேல கையில பிடிச்சிருந்தீங்க. ஏர்பேக் வெடிச்சு அத உங்க மூஞ்சியில அறைஞ்சு பின்னால எறிஞ்சிருக்கு. உடையாத கண்ணாடி எப்படிக் கிழிக்கும்? உங்க கன்னத்துல இருக்கது போனோட விளிம்பு.”

விக்னேஸ்வரனின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போனது. போன் நிறுவனத்திடம் அழைப்பு விவரம் கேட்டிருப்பதாக அவள் சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். ஈரோட்டு வியாபாரி ஒருவர் வீடியோ காலில் துணி காட்டிக்கொண்டிருந்தாராம். இவர் ஒரு நிமிஷம்தான் பார்த்தாராம்.

“கொன்னது போதாதுன்னு, செத்தவன் மேலயே பழியையும் போட்டீங்க,” என்றாள் மாரிக்கனி. குரல் உயரவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.

வழக்கைப் பதிந்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோலைராஜ் நின்றுதான் பேசினான், தப்பு முழுக்கக் கார்க்காரருடையது என்று செல்லக்கனியிடம் மெதுவாகச் சொன்னாள். செல்லக்கனி அழவில்லை. எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்கிட்டச் சொன்னது போதாது. இத அவிய எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

மாரிக்கனி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேப்பமரத்தடியில் நின்ற சொந்தக்காரர் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். ஒரு வார்த்தை விடாமல், கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள். இருளப்பசாமி தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செல்லக்கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிணவறைக் கதவைவிட்டு விலகி நின்றாள்.

“இனித் தூக்குங்க,” என்றாள்.