அடைபட்ட பொந்து

பொழுது சாயும் நேரம். அந்தப் பழைய வீட்டு வாசலில் ஏணியை இறக்கும்போதே அடைப்புக்காரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வௌவால் குடியிருக்கும் ஓட்டைகளை அடைத்துக் கொடுப்பது அவன் தொழில். ஆனால் இப்போதெல்லாம் அவன் நினைப்பு முழுக்க வீட்டில்தான். மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரைக் கூட்டும் அவள் அழுகையைக் கேட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

உடன் வந்தவன் மனைவியின் தம்பி, சரியான வாயாடி. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வௌவால் வீட்டுக்கு விருந்து போனா, நீயும் தொங்கு நானும் தொங்குதான் மாமா," என்று சிரித்தான்.

கூரைக்குக் கீழே கையகல ஓட்டை. உள்ளிருந்து வௌவால் எச்சத்தின் வாடை வீசியது. இருட்டத் தொடங்கியதும் தாய் வௌவால்கள் ஒவ்வொன்றாக நழுவி வெளியேறின. அவை போடும் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது. கத்திக் கத்தி, அந்தச் சத்தம் எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்டுத்தான் இருட்டில் வழி கண்டுபிடிக்கும். அதை நமக்குக் கேட்கும்படி மாற்றித் தரும் சின்னக் கருவி ஒன்று அவன் இடுப்பில் தொங்கியது.

எல்லாம் போய்விட்டன. கருவி மட்டும் அடங்கவில்லை.

டிக். டிக். டிக்.

உள்ளேயிருந்து.

"குட்டிங்க இருக்கு மாமா," தம்பியின் சிரிப்பு போய்விட்டது. "பறக்கிற வரைக்கும் அடைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அதுக்காக வாரக்கணக்குல காத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? நான் வீட்டுக்குப் போகணும்டா."

"பாவம் மாமா. ஆயிரம் குட்டி இருந்தாலும் குரலை வச்சே தன் குட்டியைத் தாய் கண்டுபிடிச்சிடும்னு சொன்னீங்களே."

"கண்டுபிடிக்கட்டும். சுவரைத் தாண்டி எப்படி வருதுன்னு பாப்போம்."

கருவியை அணைத்துவிட்டுச் சிமென்ட்டை அப்பினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

கடைசிப் பூச்சு முடியும்போது ஒரு தாய் திரும்பி வந்தது. சுவரில் மோதி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஈரச் சிமென்ட்டை முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பி, அவன் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்தது.

எதுவும் கேட்கவில்லை. அவனுக்குப் பல் மட்டும் கூசியது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு வரும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, அவன் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் எப்போதும் வாசலிலேயே கேட்கும் அழுகை இன்று இல்லை. மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. விளக்கு வச்சதிலேருந்து வாயைத் திறந்து திறந்து அழுவுறா. சத்தமே வரமாட்டேங்குது."

குழந்தையின் முகம் சிவந்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. தொண்டை துடித்தது.

அவன் இடுப்பில் டிக். டிக். டிக்.

குனிந்து கருவியைப் பார்த்தான். அணைத்தது அணைத்தபடியே இருந்தது. குழந்தை வாயை மூடியது, கருவி நின்றது. திறந்தது, மறுபடியும் டிக்.

போன் அடித்தது. தம்பி.

"மாமா..." மூச்சு வாங்கியது. "நீங்க அடைச்ச சுவருக்குள்ள ஒரு குழந்தை அழுவுது மாமா."

"உடைடா! இப்பவே உடை!"

போனில் சுத்தியல் சத்தம் வந்தது. ஈரச் சிமென்ட் பொத்தென்று விழுந்தது. பிறகு தம்பியின் குரல், மிகத் தாழ்வாக.

"உடைச்சுட்டேன். உள்ளே ஒண்ணுமே இல்ல மாமா. குட்டிகூட இல்ல. அழுகை மட்டும் கேக்குது. இதோ கேளுங்க."

போனில் வீறிட்டது அந்த அழுகை.

மனைவி விலுக்கென்று நிமிர்ந்தாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்தது.

"அது நம்ம பாப்பாங்க. என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அவள் மெல்லக் குனிந்து, தன் மடியில் கிடந்ததைப் பார்த்தாள்.

சன்னல் கண்ணாடியில் ஏதோ ஒன்று மோதி, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மடியில் இருந்தது அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தது.