எதிர்ப்பக்கத்தில் இறங்கிய சிவப்பு

அழைப்பு மணியில் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை. துப்பறிவாளரின் மைத்துனன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அவள் இடுப்பில் ஐந்து வயது மகள். குழந்தையின் கன்னத்தில் விரல் தடம். பார்த்ததுமே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க அண்ணன் அடிச்சிட்டான்," என்றாள். "இவ கிறுக்கலைன்னு நிரூபிச்சுக் குடுங்க. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம்."

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். கணவன் போனபின் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணனுக்குப் பழைய சூப்பர்ஹீரோ வண்ணம் தீட்டும் புத்தகங்கள் என்றால் உயிர். அதிலும் விரித்த செய்தித்தாள் அளவுக்கு வந்த ராட்சதப் புத்தகங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பானே தவிர, பிரிக்க மாட்டான். பிரித்தால் மடிப்பு விழுந்துவிடுமாம். அதில் ஒரு கோடுகூடப் படாத அபூர்வப் பிரதி ஒன்று. நேற்று அவனுடைய சேகரிப்புக் கூட்டாளி, சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைக் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு வந்து போனான். அதன்பின் பார்த்தால் புத்தகம் உறைக்கு வெளியே, குழந்தையின் கிரேயான் டப்பாவுக்குப் பக்கத்தில். அட்டையைச் சற்றே தூக்கினால், முதல் பக்க வீரனின் அங்கி முழுக்கச் சிவப்பு.

"வாங்க அத்தான், அவனை நாலு கேள்வி கேப்போம்," என்று மைத்துனன் செருப்பை மாட்டினான்.

"கேக்கலாம் மாப்பிள்ளை. முதல்ல புத்தகத்தைப் பாப்போம்," என்றார் அவர்.

அண்ணன் வீட்டில் கூட்டாளியும் இருந்தான், ஆறுதல் சொல்ல வந்தானாம். புத்தகத்தைப் பிரிக்கவே கூடாது என்று அண்ணன் குதித்தான். கெட்டுப்போனதற்கு இனி என்ன பயம் என்று கேட்டுவிட்டுத் துப்பறிவாளர் அட்டையை மெல்ல முழுவதும் விரித்தார்.

"எதிர்ப்பக்கத்தைப் பாருங்க."

அங்கே அதே அங்கியின் வடிவத்தில் வெளிறிய சிவப்பு. அதைச் சுற்றிப் பழுப்பேறிய எண்ணெய்க் கறை.

"கிரேயான்ல மெழுகு இருக்கு. வருஷக்கணக்கா மூடிக் கிடந்தாத்தான் எதிர்ப்பக்கத்துல இப்படி ஊறி இறங்கும். இவ பிறக்கறதுக்கு முன்னாடியே யாரோ தீட்டினது இது. உங்க புத்தகமே இல்லை."

துப்பறிவாளர் குரலை உயர்த்தாமலே தொடர்ந்தார். இந்த அளவுப் புத்தகம் எந்தப் பையிலும் அடங்காது, மடிக்கவும் முடியாது. அப்படியானால் எதற்குள் வைத்து மாற்றியிருக்க முடியும்?

"நேத்து அவ்வளவு பெருசா இங்க வந்துட்டுப் போனது ஒண்ணுதான்," என்று கூட்டாளியின் பக்கம் திரும்பினார். "உங்க படத்தோட பின்பலகையைக் கழட்டிப் பாக்கலாமா?"

கூட்டாளி எழுந்தான். மைத்துனன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். அவனை அறையாமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். தன் பிரதி சின்ன வயதில் தானே தீட்டிக் கெடுத்தது என்றும், அண்ணன் முழுசாகப் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று நம்பியே மாற்றியதாகவும் கூட்டாளி முனகினான். குழந்தையின் டப்பா கண்ணில் பட்டதும் பழியையும் அங்கேயே வைத்துவிட்டானாம்.

அண்ணன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "என் புத்தகத்துல மடிப்பு எதுவும் விழலையே?"

தங்கை கிரேயான் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"புத்தகத்தைக் கேட்டே. இவ கன்னத்தை இன்னும் நீ திரும்பிப் பாக்கலை," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பவே போறோம்."

அண்ணன் அப்போதுதான் குழந்தையின் பக்கம் கையை நீட்டினான். குழந்தை சட்டென்று முகத்தை மூடிக்கொண்டது.

மைத்துனன் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் துப்பறிவாளர் சொன்னார்: "உங்க அக்காவுக்கு ஃபோன் போடு மாப்பிள்ளை. இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சமைக்கச் சொல்லு."