பல்லில் கடித்த வெளிச்சம்

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் குப்புறக் கிடந்தார். பேன்ட் பையில் போன் விட்டு விட்டு அலறியது.

"யாரு கூப்பிடுறாங்க?" குழியின் விளிம்பில் குந்தியிருந்த இன்ஸ்பெக்டர் கேட்டார். நாற்பது வயதுப் பெண்மணி. பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

உள்ளே இறங்கியிருந்த கான்ஸ்டபிள் போனை உருவினார். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து ஸ்டேஷனில் அவருக்கு வைத்த பெயர் சோடாபுட்டி.

"'வீடு'ன்னு போட்டிருக்கு மேடம். சம்சாரமா இருக்கும்."

"எடுக்காதீங்க. உடம்பைத் திருப்புங்க."

திருப்பினார். திருப்பிய கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முகத்தின் கீழ்ப்பாதி இல்லை...

பக்கத்தில் ஓர் அலுமினிய டார்ச். பாதி உரித்த வாழைப்பழம் மாதிரி பிளந்து கிடந்தது.

கட்டடத்தின் வாட்ச்மேன் தூரத்தில் நின்றபடியே சொன்னான். "டமார்னு ஒரு சத்தம் மேடம். மோட்டார்தான் போச்சுன்னு நினைச்சேன். நான் உள்ள எட்டிக்கூடப் பார்க்கல."

"நல்லது. இனிமேலும் பார்க்காதே. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து வருட அனுபவம்.

அனுபவம் டார்ச்சுக்குத் தெரியுமா என்ன?

*

சாயங்காலம் லேப் ஆபீசர் போனில் வந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காராமல் அறைக்குள் நடந்தபடியே கேட்டார்.

"கையில பிடிச்சிருந்தா விரலோட போயிருக்கும் மேடம். இவர் பல்லால கடிச்சிருக்கார்."

"டார்ச்சையா?"

"லிஃப்ட்காரங்க எல்லாருக்கும் அதான் பழக்கம். ஒரு கையில ஸ்பானர், ஒரு கையில கம்பி. வெளிச்சத்துக்கு வாயை விட்டா வேற வழி?"

"அப்ப மட்டமான டார்ச்சு. விபத்துன்னு முடிச்சிடலாமா?"

"அவசரப்படாதீங்க. அவரோட டூல் பேக்ல இதே மாதிரி இன்னொரு டார்ச்சு இருந்துச்சு. அதைக் கழட்டினேன். உள்ள ரெண்டு சார்ஜ் பேட்டரி. ஒண்ணு புத்தம் புதுசு. இன்னொண்ணு சாகப்போற பழசு. அந்தப் பழசுக்கு யாரோ புது உறை போட்டு ஒட்டியிருக்காங்க."

நடந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நின்றார்.

"அதனால என்ன ஆகும்?"

"இவ்வளவு பவர் டார்ச்சுல புதுசையும் பழசையும் ஜோடி சேர்க்கவே கூடாது. புதுசு விடாம கரண்டைத் தள்ளும். பழசு தாங்காம கொதிச்சு கேஸ் விடும். தண்ணி புகாத டார்ச்சு, அதனால கேஸும் வெளியே போகாது. வெடிக்கிறதைத் தவிர அதுக்கு வேற வேலையில்ல. வெடிச்ச டார்ச்சுலயும் அதே உறைதான் ஒட்டியிருக்கு."

"அப்ப ரெண்டுல எதை எடுத்தாலும் ஆள் காலி."

"ஆமா. இது கொலை மேடம்."

போனை வைத்தார் இன்ஸ்பெக்டர். ஒரு மனிதனைக் கொல்ல அவன் வாயிலேயே ஆயுதத்தைக் கடிக்க வைத்த அந்தப் புத்தியை நினைக்க நினைக்க ஆத்திரமாய் வந்தது.

"சோடாபுட்டி! செத்தது கரண்ட் ஷாக்னே எல்லார்கிட்டயும் சொல்லுங்க. டார்ச்சுன்ற வார்த்தையே வெளிய வரக் கூடாது."

*

மெக்கானிக்கின் மனைவி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை. நேரே அங்கிருந்துதான் வந்திருந்தாள். மார்ச்சுவரியில் துணி விலக்கிக் கையை மட்டும்தான் காட்டினார்கள். கரண்டில் முகம் கருகிவிட்டது, பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் தம்பி.

"மேடம், எதுக்கு என் தம்பியை உள்ள வச்சிருக்கீங்க?"

"விசாரணைம்மா. அவரும் உங்க வீட்டுக்காரரும் ஒண்ணாத்தானே வேலை பார்த்தாங்க?"

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். அம்மா போனதுல இருந்து நான்தான் அவனைத் தூக்கி வளர்த்தேன். அவன் ஒருத்தன்தான் எனக்கு. அவனை விட்டுடுங்க."

விடுவதாவது!

விஷயம் இதுதான். போன மாதம் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் வராமலேயே கதவு திறந்தது. காலை வைத்த குமாஸ்தா விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறார். ரிப்பேர் சமயத்தில் கதவு லாக்கில் சொருகிய கம்பித் துண்டை யாரோ எடுக்க மறந்திருந்தார்கள். வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். மெக்கானிக், அவர் மச்சான். மறந்தது யார் என்று மெக்கானிக் செத்ததற்கு மறுநாள் கோர்ட்டில் சொல்வதாக இருந்தது. அவர் கைகாட்டும் ஆளுக்கு ஜெயில்.

"மச்சானைத்தான் மாட்டிவிடப் போறான்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்" என்றார் அவர்கள் லிஃப்ட் கம்பெனியின் சூப்பர்வைசர். "ரெண்டு பேரும் முகத்துல முகம் முழிக்கிறதில்ல மேடம்."

"நீங்க ஏன் இப்படி வேர்க்கிறீங்க?"

"எனக்கு... இயற்கையாவே வேர்க்கும்."

"கம்பியோட லிஃப்டை ஓட்டச் சொன்னதே நீங்கதான்னு கேள்வி."

சூப்பர்வைசர் கைக்குட்டையைத் தேடினார்.

உள்ளே தம்பி தலை குனிந்தே பேசினான். "மாமாவுக்கும் எனக்கும் சண்டையெல்லாம் தீர்ந்துபோச்சு மேடம். நேத்தே பேசி முடிச்சாச்சு."

"செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுறீங்க. கெட்டிக்காரர்தான்."

*

மறுநாள் காலை. அதே லிஃப்ட் குழி. மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று. கீழே கும்மிருட்டு.

"திட்டம் இவ்வளவுதான்" என்று கிசுகிசுத்தார் இன்ஸ்பெக்டர். "டார்ச்சு ஆபத்துன்னு கொன்னவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரெண்டாவது டார்ச்சைக் குடுத்து, ரெண்டு கையாலயும் வேலை செய்யச் சொல்லுவோம். தெரியாதவன் பழக்கதோஷத்துல கடிப்பான். தெரிஞ்சவன் கடிக்கவே மாட்டான்."

"உள்ள இருக்கிற பேட்டரி மேடம்?"

"லேப்ல நல்லதா மாத்தியாச்சு."

"எதுக்கும் நான் நாலடி தள்ளியே நிக்கிறேன்."

மனைவியும் வந்திருந்தாள். தம்பியைத் தனியே விட மாட்டேன் என்று பிடிவாதம். குழியின் மேலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சூப்பர்வைசர் சார், நீங்க முதல்ல. அவர் கழட்டிக்கிட்டிருந்த போல்ட்டைக் கழட்டிக் காட்டுங்க. இதான் வெளிச்சம், அவரோட டூல் பேக்ல இருந்தது."

சூப்பர்வைசர் வாங்கினார். ஸ்பானரை ஒரு கையில் எடுத்தார். இன்னொரு கையால் நட்டைப் பிடித்தார்.

டார்ச்சு நேரே பல்லுக்குப் போனது!

மேலே மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், புருஷன் செத்த இடமாயிற்றே.

போல்ட் கழன்றது. சூப்பர்வைசர் எச்சிலைத் துடைத்து டார்ச்சை நீட்டினார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை தம்பி மேல் திரும்பியது. இனி மிச்சம் இவன்தான். வசமாக மாட்டினான்.

"இப்ப நீங்க. போல்ட்டைத் திரும்ப மாட்டுங்க."

தம்பி குனிந்தான். ஸ்பானர் ஒரு கையில். போல்ட் ஒரு கையில்.

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. டார்ச்சை வாயில் வைத்துக் கடித்தான்.

இன்ஸ்பெக்டருக்குப் பகீரென்றது. இவனும் இல்லையா? அப்படியென்றால் யார்...

"டேய்! வாயில வைக்காதடா! தூக்கிப் போடுடா அதை!"

மேலிருந்து வந்தது அந்த அலறல். அடுத்த கணம் மனைவி குழிக்குள் குதித்துவிட்டாள். கால் மடங்கி விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே தவழ்ந்து போய், தம்பியின் வாயிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி மூலையில் வீசினாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையேடா?"

இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் கரண்ட் ஷாக்ல செத்தார்னுதானேம்மா சொன்னோம்?"

அவள் கை தம்பியின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"டார்ச்சுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கடையில பழைய லேப்டாப் பேட்டரியெல்லாம் கூடையில கிடக்கும்" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை. "எது வெடிக்கும்னு எனக்குத் தெரியும். உறை மாட்டவும் தெரியும். இவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தார் மேடம். என் பிள்ளை மாதிரி இவன். நான் எப்படிச் சும்மா இருப்பேன்?"

"அக்கா..."

தம்பி அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"மாமா என்னைச் சொல்றதா இல்லக்கா. கம்பியை மறந்தது நான்தான்டான்னு முந்தாநாளே என்கிட்ட ஒத்துக்கிட்டார். கோர்ட்டுல தானே பழியை ஏத்துக்கிறேன்னார். உன்கிட்ட சொன்னா அழுவேன்னு சொல்ல வேணாம்னுட்டார்."

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அப்போதுதான் புருஷனுக்காக அழுதாள். வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பெண் போலீஸ் அவளைக் கைத்தாங்கலாய் மேலே ஏற்றினார். தம்பியும் பின்னாலேயே போனான்.

குழிக்குள் சூப்பர்வைசரும் சோடாபுட்டியும் மட்டும். சூப்பர்வைசர் சுவரோடு ஒட்டி நின்றார். விஷயம் இப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. வேர்வையில் தொப்பலாய் நனைந்திருந்தார்.

"சார்... அந்த டார்ச்சை முதல்ல வாயில வச்சது நான். அப்ப அந்தம்மா அங்கேயேதான நின்னாங்க? ஒரு சத்தம்கூடக் குடுக்கலையே?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கெல்லாம் சொந்தத்துல ஒரு அக்கா வேணும் சார்."