நனைந்த அரிசி

மூன்று மணி தாண்டிக் கீர்த்தனி படியேறி வந்தபோது அவளுடைய ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது உட்துறைமுக வீதி வெள்ளத்தோடு போய்விட்டது. அதைத் தேட அவளுக்கு நேரமிருக்கவில்லை.

"நாலரைக்குப் பொலிஸைக் கூப்பிடப் போகினம் சேர். என்ரை தம்பி களவெடுக்கேல்ல!"

அல்பிரட் கதிரையை இழுத்துப் போட்டார். துறைமுகச் சுங்கத்தில் இருபது வருடம் பிறருடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். வேலையை விட்டபிறகு பிறருடைய சிக்கல்களைத் திறந்து பார்க்கிறார். அவசரப்படுவது அவருக்கு வராது. அந்தக் குறையை நிரப்ப உதவியாளர் சிவாஜினி இருந்தாள். கீர்த்தனி உட்காருமுன்பே அவள் குடையோடு வாசலில் நின்றாள்.

விஷயம் இதுதான். திருகோணமலையில் ஒரு கூட்டம் இளைஞர்கள் நாலைந்து வருடமாகப் படம் எடுக்கிறார்கள். இன்று ஐந்து மணிக்கு அவர்களுடைய முதலாவது விருது விழா. மற்றவர்களுக்கெல்லாம் சான்றிதழ், சிறந்த படத்துக்கு மட்டும் கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் ஒரு வெள்ளிச் சங்கு. இரண்டே முக்காலுக்கு, மழைக்குச் சன்னலெல்லாம் சாத்தியிருந்த மண்டபம் இருண்டது. மூன்று நிமிடத்தில் வெளிச்சம் திரும்பியபோது மேசையில் பட்டுத்துணி கிடந்தது, சங்கைக் காணவில்லை. விளக்குகளுக்குப் பொறுப்பு கீர்த்தனியின் தம்பி கஜீபன். அவன் புது விளக்கொன்றைப் பொருத்தியபோதுதான் மின்சாரம் போனது. சந்தேகப்படுகிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

"திங்கட்கிழமை சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில வேலைக்குச் சேரப் போறான். பொலிஸில பேர் அடிபட்டால் கேற்றுக்குள்ளையே விடமாட்டாங்கள். மூண்டு வருஷமா அலைஞ்சு கிடைச்ச வேலை சேர்."

மண்டபம் அடுத்த தெருவில். விழாத் தலைவர் சின்னராசா வாசலிலேயே நின்று கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். இருட்டின நேரத்தில் அவர் கதவை மறித்து நின்றாராம். ஒருவரும் வெளியே போகவில்லை. உள்ளே மூன்றே பேர். ஏணியில் கஜீபன். ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர் இராகுலன். மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த நல்லம்மா. எல்லாருடைய பைகளையும் சட்டைப்பைகளையும், மலசலகூடத் தண்ணித் தாங்கியையும்கூடச் சோதித்துவிட்டார்களாம்.

"இராகுலன்தான்," என்று சிவாஜினி அல்பிரட்டின் காதில் கிசுகிசுத்தாள். "மேசைக்குப் பக்கத்தில நிண்டவர் அவர்தானே."

"நிண்டவர்தான். எடுத்தால் எங்கை வைப்பார்?"

சிவாஜினிக்குக் கை பரபரத்தது. கதிரைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். திரைச்சீலையை உதறித் தும்மினாள். அல்பிரட்டோ மேடையோரத்தில் நிறைகுடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாழையிலையில் பச்சையரிசி பரப்பி, அதன்மேல் பித்தளைக் குடம். வாயில் மாவிலை, மேலே குடுமித் தேங்காய். வாசலில் இருக்கவேண்டியதை மழைக்குப் பயந்து காலையிலேயே மேடைக்கு ஏற்றியிருந்தார்கள்.

"ஆர் வைச்சது?"

"நல்லம்மா அக்கா. காலமை பத்து மணிக்கு. குடமும் அவவின்ரைதான்," என்றார் சின்னராசா. "தொட்டுப்போடாதேங்கோ அண்ணை. விழா முடியுமட்டும் அதில கை வைக்கக்கூடாது."

"குடத்தைத் தொடேல்ல. ஒரு பிடி அரிசி எடுக்கலாமோ?"

குடத்தடியில் அரிசி நனைந்திருந்தது. அதில் நாலு அரிசியை எடுத்து நகத்தால் அமத்திப் பார்த்துவிட்டு அல்பிரட் கேட்டார்: "எல்லாரையும் ஒப்பனை அறைக்கு வரச்சொல்லுறீங்களே?"

மணி நாலு பத்து. ஒப்பனை அறையில் கஜீபன் ஏற்கெனவே மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். கீர்த்தனி அவன் தோளை விடவில்லை. இராகுலன் வந்தான். கடைசியாகக் குசினியிலிருந்து நல்லம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். இங்கே எடுத்த ஏழு படங்களிலும் அம்மாவாக நடித்தவர் அவர்தான்.

"இந்தப் பிள்ளையைத்தான் பொலிஸில குடுக்கப்போகினமாம்," என்றார் அல்பிரட்.

நல்லம்மா கஜீபன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சிவாஜினி, புட்டுக்கு அரிசி ஊறப்போட்டால் எவ்வளவு நேரத்தில நொறுங்கும்?"

"ரெண்டு மணித்தியாலம் போதும்."

"குடத்தடி அரிசி பத்து மணிக்கு நனைஞ்சிருந்தால் இப்ப மாவாயிருக்கும். அது நடுவில இன்னும் கல்லு மாதிரிக் கிடக்கு. நனைஞ்சது மத்தியானத்துக்குப் பிறகுதான். மேடைக்கு மழையும் வராது. நிரம்பின குடத்துக்குள்ள ஒரு சாமான் விழுந்தால்தான் தண்ணி வழியும்."

சிவாஜினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அரிசி ஊறப்போடுகிறவள் அவள்; குடத்தை இரண்டு தடவை சுற்றியும் வந்தவள்.

"ஆரும் போட்டிருக்கலாமே!" என்றான் இராகுலன்.

"போடலாம் தம்பி. திருப்பி எடுக்கவும் வேணுமே? விழா முடியுமட்டும் அந்தக் குடத்தை ஒருத்தரும் தொடாயினம். முடிஞ்சால் குடத்தின்ரை சொந்தக்காரர்தான் தூக்கிக்கொண்டு வீட்டை போவார். அதோட, அந்தக் கும்மிருட்டில தேங்காயை எடுத்துத் திரும்ப வைச்சும் ஒரு மாவிலை பிசகேல்ல. அது பழகின கை."

நல்லம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"ஓம். நான்தான். ஏழு படம் நடிச்சனான். எனக்கு அழைப்பிதழ் வரேல்ல. நிறைகுடம் வைக்கத்தான் போன் வந்தது. சிறந்த அம்மாவுக்கு விருது வைக்க ஒருத்தருக்கும் தோணேல்ல, சரி, ஒரு கதிரையாவது... ஒரு நாளைக்கு அது என்ரை வீட்டு அலுமாரியில இருந்தால் என்ன எண்டு நினைச்சிட்டன். அவ்வளவுதான்." கஜீபனிடம் திரும்பினார். "குசினியில நிண்டனான் ராசா. உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு சத்தியமாத் தெரியாது."

சின்னராசாவின் முகம் சிவந்தது. "இப்பவே எடுக்கிறன்!" என்று கதவை நோக்கிப் பாய்ந்தார்.

"விழா முடிய முதல் கை வைக்கக்கூடாது," என்றார் நல்லம்மா. "நான் வைச்ச பாவம் போதும்."

சின்னராசா நின்றுவிட்டார். அவர் வாயால் சொன்னதை அவராலேயே மீற முடியவில்லை. பொலிஸ் என்று மெல்ல முணுமுணுத்துப் பார்த்தார்.

"களவுப்பேர் கேட்டவன் நான்," என்றான் கஜீபன். "எனக்குப் பொலிஸ் வேண்டாம்."

"அப்ப சங்கு இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்," என்றார் அல்பிரட். "கடைசி விருதோட விழா முடியுதுதானே? அப்ப எடுக்கலாம். எடுக்கிற கை நல்லம்மாவின்ரையா இருந்தால் சரி."

ஐந்து மணிக்கு விளக்கேற்றினார்கள். சிவாஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு சான்றிதழும் ஒரு யுகமாக நகர்ந்தது. முதல் வரிசையில் அவசரமாகக் கொண்டுவந்து போட்ட ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் நல்லம்மா சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் இராகுலன் சிறந்த படத்தின் பெயரைச் சொன்னான். கொஞ்சம் தயங்கி, தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னான்: "விருதை எடுத்துத்தர, எங்கட எல்லாப் படத்துக்கும் அம்மா... நல்லம்மா அக்கா."

நல்லம்மா மேடையேறினார். தேங்காயைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார். மணிக்கட்டு வரை குடத்துக்குள் விட்ட கை வெள்ளிச் சங்கோடு சொட்டச் சொட்ட வெளியே வந்தது. இப்படியொரு புதுமையைத் தலைவரின் மூளையால் யோசிக்க முடிந்ததே என்று வியந்து சனம் எழுந்து கைதட்டியது. சின்னராசாவும் வேறு வழியில்லாமல் வணங்கினார்.

வெற்றி பெற்ற இயக்குநர் படியேறி வந்து சங்கை வாங்கிக்கொண்டார். விருது வாங்குகிறவரோடு மேல் விளக்கின் வெளிச்சமும் போகவேண்டும். போகவில்லை. சிவாஜினி மேலே பார்த்தாள். ஏணி உச்சியில் கஜீபன் விளக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். வெறுங்கையோடு நின்ற நல்லம்மாவின் மேலிருந்து அவன் அதை அசைக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்து, அவர் படியிறங்கித் தன் கதிரையில் உட்காரும்வரைக்கும் அசைக்கவில்லை.