பவளம் தின்னாத மீன்

மீன் தொட்டியிலிருந்த வெள்ளைப் பவளம் ஒரே வாரத்தில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. சுமித்ரா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள அந்த வருஷம் ஃபிஜியில் வேறு எவ்வளவோ இருந்தன. தலைநகர் சூவாவில் துப்பாக்கிக்காரர்கள் அரசாங்கத்தையே பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த ட்ராசாவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, மீதிப் பாதி நியூசிலாந்து விசாவுக்குக் காத்துக் கிடந்தது. அவளும் பெட்டியைக் கட்டிப் பிரித்து மறுபடி கட்டி அலுத்துப்போயிருந்தாள்.

தொட்டி வந்தது மகள் ஷானலுக்காக. ஏழு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லை, வெளியே விடவும் பயம். கணவன் மகேந்திரா, வெளிநாட்டுக்குக் கடல்மீன் அனுப்பும் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சரக்கு விமானம் நின்றதும் கம்பெனியை மூடிவிட்டு, பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கம்பெனிக்கு மீன் பிடித்துத் தருகிற சுமன் இரண்டு பிளாஸ்டிக் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றில் தட்டையான மஞ்சள் மீன், இன்னொன்றில் கழுத்தில் ஒற்றை வெள்ளைப் பட்டையோடு சிவப்பு மீன்.

"மஞ்சள் பாக்க அழகுதான் அக்கா, ஆனா பவளத்தக் கொறிச்சே தீத்துடும். சிவப்பு ஒண்ணும் செய்யாது. எல்லாத்தோடயும் ஒத்துப்போவும்."

"ஒத்துப்போறதயே குடு. இந்த ஊர்ல அதுதான் இப்ப கெடைக்கல."

அன்று பவளம் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு மொட்டைக் கல். வருஷத்துக்கு ஒரு நகமளவு வளர்ந்தால் பெரிது என்று சுமனே சொல்லியிருந்தான்.

இரண்டாம் வாரம் அது ஐந்து கிளைகள் விட்டது. சிவப்பு மீன் வேறெங்கும் போகாமல் அந்தக் கிளைகளுக்கு நடுவிலேயே காவல்போல நின்றது. ஷானல் நாற்காலி போட்டு ஏறி, முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமித்ரா இழுத்துவிட்டபோது பிள்ளையின் விரல்கள் கல்லாகச் சில்லிட்டிருந்தன. கூடத்தில் உப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. நெய்யும் கற்பூரமும் ஈர விறகும் சேர்ந்த அந்த வாசனையை அவள் கடைசியாகச் சுடுகாட்டிலிருந்து வந்த மகேந்திராவின் சட்டையில்தான் முகர்ந்திருந்தாள்.

மாமனார் அப்பாசாமி போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. கரும்புக் காட்டை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றவர். சாகும்போது ஷானலின் கையை அப்படிப் பிடித்திருந்தார், இரண்டு பேராகச் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. "நீங்க போங்க. பிள்ள போவாது" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

"அந்தக் கல்லு எங்க எடுத்தீங்க?" என்று மகேந்திராவைக் கேட்டாள்.

"அப்பா அஸ்தி கரைச்சமே, அங்கதான். தண்ணியும் அங்கதான் ட்ரம்முல புடிச்சேன். பெட்ரோல் இல்ல, ரோடு பூரா சிப்பாயி. ஒரே ட்ரிப்புல ரெண்டு வேலயும் முடிஞ்சிச்சு."

அஸ்தி கரைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும், அங்கிருந்து துரும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். சுமித்ராவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. திருப்பிக் கொண்டுபோய்க் கடலில் போடலாம் என்றால் கரைக்குப் போகும் ரோட்டை மூடியிருந்தார்கள். கல்லை மட்டுமாவது எடுக்கலாம் என்று மகேந்திரா கையை விட்டு அசைத்துப் பார்த்தான். அது கண்ணாடியோடு ஒட்டி வேர்பிடித்திருந்தது. அவன் அசைக்க அசைக்க ஷானல் வீறிட்டு அழுதாள், விட்டுவிட்டான்.

மூன்றாம் வாரம் விசா வந்தது. சனிக்கிழமை விமானம். ஷானல் தன் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தாள்.

"நான் வரல மம்மி. தாத்தா கையப் புடிச்சிருக்காரு."

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. யாரோ மின்சார அணைக்கட்டை மறித்திருந்ததால் முறைவைத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் காற்று மோட்டார் முக்கி நின்றது. குமிழி அடங்கியது. வீடு அமைதியாயிற்று. அதன்பிறகும் தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சளி கட்டிய மூச்சு. உள்ளே, வெளியே. மாமனார் கிடந்த கடைசி மாசம் முழுக்க அவள் கேட்ட மூச்சு. சுமித்ரா இருட்டில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கொண்டுபோங்க மாமா, இவளை விட்டுடுங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் சுமன் வீட்டுக்கு நடந்தே போனாள். கொல்லையில் விற்காத மீன்கள் தொட்டி தொட்டியாக நின்றன.

"அந்த மஞ்சள் மீனக் குடு சுமன்."

"பவளத்தத் தின்னுடும்னு சொன்னேனே அக்கா."

"தின்னட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், வலையை எடுத்து மீனைப் பைக்குள் பிடித்துப் போட்டான்.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மகேந்திரா டிக்கெட் விஷயமாக லௌட்டோகா டவுனுக்குப் போயிருந்தான். ஷானல் உள்ளறையில் இருந்தாள். சுமித்ரா பையைப் பிரித்து மீனைத் தொட்டியில் விட்டாள்.

சிவப்பு மீன் மூலைக்கு ஒதுங்கியது. மஞ்சள் மீன் ஒரு சுற்று வந்தது. ஐந்து கிளைகளையும் முகர்வதுபோல் பார்த்தது. நடுக்கிளையின் நுனியில் வாயை வைத்தது.

டிக்.

வெள்ளைத் தூள் மெல்ல இறங்கியது. சுமித்ராவுக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் ஒன்றாவது அவள் நினைத்தபடி நடந்தது. தின்னு, என்றாள். நல்லாத் தின்னு.

டிக். டிக்.

"மம்மி." உள்ளறையிலிருந்து குரல். அழவில்லை. சும்மா கூப்பிடுகிற குரல். "மம்மி, என்னமோ கடிக்குது."

சுமித்ரா போனாள்.

ஷானல் கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வலதுகையை முன்னால் நீட்டியிருந்தாள். நடுவிரலில் நகம் இல்லை. நுனி இல்லை. ரத்தமும் இல்லை. தோலுக்கு உள்ளே சதை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக, பொடிப்பொடி ஓட்டைகளோடு கல். ஓட்டைகளிலிருந்து கடல்தண்ணீர் கசிந்து பாவாடையை நனைத்தது.

கூடத்தில் மஞ்சள் மீன் மறுபடி கொறிக்கும் சத்தம் கேட்டது.

டிக்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் மோதிர விரல் நுனியில் சின்னதாக ஒரு வெள்ளைப் பள்ளம் விழுந்தது.