கூடத்தில் ஒரு நிறுத்தம்

“எலிதான். எங்கயோ செத்துக் கிடக்கு.”

“எலி செத்தா இப்படியா நாறும்? கிட்ட வந்து மோந்து பாருங்க.”

“எதை மோந்து பாக்கச் சொல்ற, செவுத்தையா?”

“ஆமா, செவுத்தைத்தான்.”

கணவன் முழங்காலை ஊன்றிக் கூடத்துச் சுவரில் மூக்கை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். மனசுக்குள் கலக்கம் வந்தால் வாயில் வேடிக்கை வந்துவிடும் அவனுக்கு. “உங்க அண்ணன் ஷூவைக் கழட்டினா வருமே, அதோட பெரியப்பா மாதிரி இருக்கு” என்றான். ஆனால் சிரிக்கவில்லை. சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டான். மாலை நேர வேலை. திரும்பி வர வெகுநேரமாகும்.

எலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். எலியின் நாற்றம் நாளாக ஆக மெலியும். இது நாளாக ஆகத் தடித்துக்கொண்டே வந்தது. மழையில் நனைந்து காயாமலே மடித்து வைத்த துணி, ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன இரும்புக் கம்பி, வாயைத் திறந்தபடி தூங்குகிறவர்களின் மூச்சு, இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ எடுத்த வாந்தியின்மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூடியதைப் போல ஒரு புளித்த இனிப்பு. எங்கேயோ முகர்ந்த வாசனைதான். நுனிநாக்கில் வந்து நிற்கிறது. பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தரையும் சரியில்லை. சுவரை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குப் பிசுபிசுப்பு. காலையில் மருந்து ஊற்றித் துடைத்தால் சாயங்காலம் மறுபடி இருக்கும். கால் வைத்து எடுத்தால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நூல் இழுத்து அறுந்தது. ஒருமுறை துடைத்த துணியைப் பிழியும்போது கையில் ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடித்துத் துப்பிய நகத்துண்டுகள். பிறை பிறையாக. வீட்டில் நகம் கடிக்கிறவர்கள் யாரும் கிடையாது.

சுவரில் கறைகள் இருந்தன. ஆள் உயரத்தில், வரிசையாக, எண்ணெய் ஊறிய வட்டங்கள். தலை சாய்த்துச் சாய்த்து உண்டாகிற கறை. “கொசு தலையைத் தேச்சிருப்பா” என்று கணவன் சொல்லிப் பார்த்தான். காதருகே ஓயாமல் ரீங்காரம் செய்துகொண்டிருப்பதால் மகளுக்கு வீட்டில் கொசு என்று பெயர். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினால்தான் அந்தக் கறைகளுக்குத் தலை எட்டும். சோப்புத் தண்ணீரில் தேய்த்தபோது கறை போகவில்லை. துணியில் முடி வந்தது. நரைத்த முடி, சுருண்ட முடி, சாயம் போட்டு வெளிறிய முடி.

அன்றைக்கு அவள் சோற்றைத் தொடவில்லை.

*

அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தைப் பற்றி யாரிடமாவது சொன்னால் பாதியிலேயே கொட்டாவி விடுவார்கள். நாட்டிலுள்ள பேருந்து நிறுத்தங்கள் அத்தனைக்கும் ஓர் எண், ஒரு பெயர், நிலப்படத்தில் ஓர் இடம், வண்டி எந்தத் திசை பார்த்து நிற்கும் என்ற குறிப்பு. அவ்வளவுதான் வேலை. ஆனால் கைப்பேசியில் வண்டி எப்போது வரும் என்று பார்ப்பதும், நிறுத்தத்துப் பலகையில் விளக்கு எரிவதும், ஓட்டுநருக்கு வழி காட்டுவதும் இங்கிருந்து போகிற தகவலால்தான். இவர்கள் ஒரு புள்ளியை வைத்தால் நாடே அங்கே நிறுத்தம் இருப்பதாக நம்பும்.

ஒருமுறை கொடுத்த எண்ணை அழிக்கிற வழக்கம் அங்கே இல்லை. நிறுத்தம் மூடினாலும், சாலையே இல்லாமல் போனாலும், பக்கத்தில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று போடுவார்களே தவிர எண் இருந்துகொண்டேதான் இருக்கும். “நம்மகிட்ட செத்தவனுக்கும் விலாசம் உண்டு” என்று மேலாளர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

“அக்கா, இங்க வந்து ஒரு கூத்தைப் பாருங்க” என்றான் பக்கத்து இருக்கைக்காரன். வருஷம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு ஜலதோஷம் என்று பெயர். அவனே தொலைபேசியில் “ஜலதோஷம் பேசறேன்” என்பான்.

“நேரமில்லப்பா, சொல்லு.”

“ஒரே புள்ளியில நிறுத்தமா குவிஞ்சு கிடக்கு. ஒண்ணு மேல ஒண்ணு. தொட்டா, புண்ணுல மொய்க்கிற ஈ கலைஞ்ச மாதிரி விரியுது பாருங்க. உவ்வே.”

எட்டி அவன் திரையைப் பார்த்தாள். வானத்திலிருந்து எடுத்த படம். ஒரு தெரு. ஒரு மாடி. மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு இடப்பக்கம், கூடம் இருக்கவேண்டிய இடத்தில், புள்ளிகள்.

அவள் வீடு.

கோடையில் பழைய தகவல்களைப் புது அமைப்புக்கு மாற்றியபோது நடந்த வேலை அது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் அணைத் தண்ணீர் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அங்கிருந்த நிறுத்தங்களுக்குப் பழைய பதிவில் இடமே குறிக்கப்படவில்லை; காலியாக விட்டிருந்தார்கள். புது அமைப்பு காலியை ஏற்காது. முறைப்படி ஆளனுப்பி அளந்து வரவேண்டும். தண்ணீருக்கடியில் யாரை அனுப்புவது? மேலாளர் தலைமேல் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார். சோதித்துப் பார்ப்பதற்கென்று அவள் எப்போதும் அடித்துப் பழகியது தன் வீட்டின் இட எண்ணை, நிலப்படத்தில் அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும்; விரல்களுக்கு அது மனப்பாடம். பள்ளத்தாக்கின் எல்லா நிறுத்தங்களுக்கும் அதையே போட்டுவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

“இதெல்லாம் பயன்பாட்டில் இல்லாததுதானே?” என்றாள்.

“அங்கதான் கூத்தே. மாத்தறப்ப அந்தக் குறிப்பு விட்டுப்போச்சு. எல்லாம் உயிரோட இருக்கு. புது அமைப்பு ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து, ரெண்டு வாரமா வண்டி நிக்கிற இடம்னு நாடு பூரா போயிட்டிருக்கு.”

இரண்டு வாரம். எலி எங்கே என்று கணவன் தேட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஜலதோஷம் மூக்கை உறிஞ்சினான். “இந்த ஊருங்க கதை தெரியுமாக்கா? மேலாளர் சொன்னாரு. தண்ணி விடற அன்னிக்கு ஏத்திட்டுப் போக வண்டி வரும், அவங்கவங்க நிறுத்தத்துல மூட்டை முடிச்சோட நில்லுங்கன்னு சொல்லியிருந்தாங்களாம். நின்னாங்களாம். வண்டிக்கு முன்னாடி தண்ணி வந்துடுச்சாம்.”

நுனிநாக்கில் நின்றிருந்த பெயர் அப்போது இறங்கியது. பேருந்து நிறுத்தம். வெகுநேரம் காத்திருக்கும் கூட்டத்தின் வாசனை.

அவன் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். “மாத்து. இப்பவே மாத்துடா.”

“இப்ப எப்படி? வாரா வாரம் தகவலை வெளியே அனுப்பறதுக்காகப் பூட்டியிருக்கு. சாயங்காலம்தான் திறக்கும். உங்க கை போட்டதை நீங்க மாத்தவும் முடியாது, நான்தான் மாத்தணும். புது இடத்துக்கு நீங்க வாயால சரின்னு சொன்னா போதும். என்ன அவசரம், நிறுத்தம் உங்களைக் கடிக்கவா போகுது?”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். பள்ளி விட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கொசுவை அழைத்துவந்து உள்ளே விட்டுப் போயிருப்பாள்.

*

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக் கதவைத் திறந்தபோது அந்த நாற்றம் முகத்தில் ஈரத்துண்டைப் போல ஒட்டியது. சாயங்கால வெளிச்சம் கூடத்தில் கலங்கலாக, அடி மண்டிய குளத்துக்குள் விழுகிற வெளிச்சம் மாதிரிக் கிடந்தது. கொசு சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பை மடியில். வீட்டில் அவள் குரல் கேட்காத முதல் சாயங்காலம் அதுவாகத்தான் இருக்கும்.

“அங்க ஏன்டி உக்காந்திருக்க? எழுந்திரு.”

“எழுந்தா இடம் போயிடும்மா.”

“யாரு எடுப்பாங்க?”

“பின்னாடி இருக்கறவங்க.” சொல்லிவிட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். “மெதுவாப் பேசு. வண்டிச் சத்தம் காதுல விழாதாம்.”

அவளைத் தூக்கினாள். தலை சட்டென்று வரவில்லை. சுவரிலிருந்து முடி இழைஇழையாகப் பிரிந்து வந்தது, வெல்லப்பாகில் ஒட்டிய நூல் மாதிரி. தலை இருந்த இடத்தில், தாழ்வாக, ஒரு புதுக் கறை. சின்ன வட்டம்.

குழாயடியில் மகளின் கையைக் கழுவினாள். வலதுகை முழுக்க, மணிக்கட்டுவரை, வழவழவென்று ஏதோ பூசியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தபோது ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருண்டு வந்தது. அதில் ரேகைகள் இருந்தன. பெரியவர்களின் விரல் ரேகைகள்.

“யாரு பிடிச்சா உன் கையை?”

“அந்த அத்தை. அவங்களுக்குக் கை ஊறிப்போச்சும்மா. தோலு நிக்க மாட்டேங்குது. பாவம்.”

அவள் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காபி மட்டும் வந்தது, கசப்பாக. வாயைத் துடைத்து நிமிர்ந்தபோது கொசு பக்கத்தில் இல்லை.

கூடத்தில் சத்தம். முதலில் மழை என்றுதான் நினைத்தாள். மழை வெளியே பெய்தது. இது உள்ளே சொட்டியது. யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டார்கள். யாரோ தொண்டையைக் காறி, வெகு அடியிலிருந்து எதையோ இழுத்து, தரையில் துப்பினார்கள். சொத். ஒரு பெருமூச்சு. நெடுநேரம் நின்று சலித்தவர்கள் விடுகிற மூச்சு. அதைத் தொட்டு இன்னொன்று. வரிசை நெடுகப் போயிற்று.

யாரும் தெரியவில்லை. தரையில் ஈரக் கால்தடங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன, எல்லாம் ஒரே திசை பார்த்து. தடங்களின் விளிம்பில் சேறு. கொசு தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், வலதுகையை உயர்த்தி, எதையோ பிடித்தபடி.

ஜன்னல் கண்ணாடியில் கூடம் தெரிந்தது. அதில் அவர்கள் இருந்தார்கள்.

சுவர் நெடுக. தோளோடு தோள் அழுந்த. ஊறிப் பெருத்த முகங்கள், மாவைத் தண்ணீரில் போட்டு மறந்ததைப் போல. திறந்த வாய்களில் வண்டல். இடுக்கில் மூட்டைகள். கொசுவின் கையைப் பிடித்திருந்தவளின் புறங்கைத் தோல், பெரிய அளவுக் கையுறையைப் போலத் தளர்ந்து, குழந்தையின் விரல்களின்மேல் வழிந்திருந்தது.

பாய்ந்து மகளை இழுத்தாள். கொசு வந்தாள். கை வரவில்லை. மறுபடி இழுத்தாள். ஏதோ உரிந்தது. வழுக்கியது. விடவில்லை.

“வலிக்குதும்மா. விடும்மா. என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க.”

அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. தரை அதிர்ந்தது. சமையலறைப் பக்கமிருந்து, சாலையே இல்லாத பக்கமிருந்து, மஞ்சள் வெளிச்சம் ஒன்று சுவரில் ஏறி மெல்லத் திரும்பியது. டீசல் நாற்றம். அதற்குள் சேற்று நாற்றம். தலைகள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிசுக். பிசுக். பிசுக். மூட்டைகள் தூக்கப்பட்டன.

பையில் கைப்பேசி அடித்தது.

“அக்கா, ஜலதோஷம் பேசறேன். திறந்துடுச்சு.”

“மாத்திட்டியா? மாத்துடா! என் பொண்ணு... சீக்கிரம்டா!”

“நீங்க போட்ட இடத்தை எடுத்தேன். காலியா விட மாட்டேங்குது. ‘பயன்பாட்டில் இல்லை’ன்னு போட்டாலும், ஆளனுப்பி அளந்த இடம் இருந்தாத்தான் ஒத்துக்குமாம்.”

“கடலைப் போடு. ஏரியைப் போடு. எதையாவது போடு!”

“தண்ணியைத் தள்ளிடுது. ரோட்டோரமா இருக்கணுமாம், ஆளுங்க இருக்கிற இடமா. ஏன் அழறீங்க? என்னக்கா சத்தம் அது, வெளியில நிக்கறீங்களா?”

வெளிச்சம் நின்றது. மடக்குக் கதவு திறக்கிற பெருமூச்சு. வரிசை ஓரடி நகர்ந்தது. கொசு ஓரடி நகர்ந்தாள். படியில்லாத இடத்தில் படி இருப்பதுபோல் ஒரு காலைத் தூக்கினாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம். “நானும் கிளம்பணும்க்கா. பிள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குதாம். மூணு மாசக் குழந்தை, வீட்டுக்காரி ஒருத்தியா வச்சுக்கிட்டுத் தவிக்கிறா. ஒண்ணு பண்றேன். எங்க வீட்டு இட எண் எனக்கு மனப்பாடம். இப்போதைக்கு அதைப் போட்டு வைக்கிறேன், அப்புறம் மாத்திக்கலாம்.”

கூடத்தில் சத்தம் நின்றது. சொட்டுவதுகூட நின்றது. கண்ணாடியில் அத்தனை முகங்களும் வண்டியை விட்டுவிட்டு, வண்டல் வழிய, அவள் காதில் இருந்த கைப்பேசியைப் பார்த்துத் திரும்பின. கொசுவின் கால் அந்தரத்தில் நின்றது.

“அக்கா? இருக்கீங்களா? நீங்க சொன்னாத்தான் நான் போட முடியும். எங்க வீட்டையே போட்டுடட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”