அடுத்த ஆள்

மாப்பிள்ளையின் மார்புக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அப்போது அவர்மேல் யார் கையும் இல்லை.

பயிற்சியாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலை ஐந்தரை மணி. தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் முதலுதவி வகுப்பு முடிந்து கடைசி ஆளும் இறங்கிப் போயிருந்தார். நீலப் பாயில் மாப்பிள்ளை மட்டும் கிடந்தார். தலையும் மார்பும் மட்டும் உள்ள ரப்பர் பொம்மை. கை கால் கிடையாது. எத்தனை பேர் பணிவிடை செய்தாலும் அசையாமல் படுத்திருப்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் அது. மார்பை இரண்டு அங்குலம் ஆழத்துக்கு அமுக்கினால்தான் உள்ளிருக்கும் தகடு ‘டக்’ என்னும். அரைகுறை ஆசாமிகளுக்கு அது வாயே திறக்காது.

“தகடு தேஞ்சிருக்கும், வேறென்ன” என்று உரக்கவே சொன்னாள். இடம் கொடுத்தால் பயம் மடத்தைப் பிடுங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் இதே பாயில்தான் வகுப்புக்கு வந்த வெல்டர் ஒருவர் விழுந்தார். வகுப்பில் ஒருவர் இரண்டு நிமிடம் அமுக்கியதும் அவள் “போதும், அடுத்த ஆள்” என்பாள். பட்டியலில் அடுத்த பெயருக்கு உரியவர் வந்து முட்டி போடுவார். அன்று வெல்டர் தன் முறைக்குக் காத்திருந்தார். “எல்லாரும் மாப்பிள்ளைக்கு மூச்சு ஊதியாச்சு. நான் எப்ப மேடம் ஊதுறது?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தவர், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சரிந்தார். அவள் ஓடிப்போய் அமுக்கினாள். சரியாகத்தான் அமுக்கினாள். ஆனால் இரண்டு நிமிடம் ஆனதும், பத்து வருஷப் பழக்கம், கை தானாக விலகியது. வாய் தானாகச் சொன்னது: “போதும், அடுத்த ஆள்.”

யாரும் வரவில்லை. பட்டியலில் அடுத்த பெயர் கீழே கிடந்தவருடையது. அவரே எழுந்து வருவார் என்பதுபோல் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினான்கு விநாடி அப்படியே போனது. பிறகு அவள் எவ்வளவு அமுக்கியும் அவர் உயிர் திரும்பவில்லை.

“டாக்டரே சொல்லிட்டாரு, உங்க மேல தப்பில்ல. கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா” என்றார் மேலாளர். அவள் மறுத்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பதினான்கு விநாடியும் பக்கத்திலேயே வந்து உட்காரும். இன்று மறுபடி வகுப்பு எடுத்தாள், வீம்புக்கென்றே.

டக்.

கீழே இயந்திரங்கள் நின்றுவிட்டதால் சுவர்க் காற்றாடியின் முனகலும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும், தன் செருப்பு பாயோரம் உரசுவதும்கூட அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனைக்கு அடியில், இன்று இதுவரை இந்த அறையில் இல்லாத இன்னொன்று, சுட்ட இரும்பும் புதினா மிட்டாயும் கலந்த வாசனை, மெல்ல எழுந்து வந்தது. வெல்டர் எப்போதும் புதினா மிட்டாய் சப்புவார்.

வகுப்பு முடிந்ததும் செய்யும் வேலையைச் செய்தாள். பொம்மையின் மார்பைத் திறந்து, மூச்சுப் பையை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மார்பை மூடினாள். இனி யார் ஊதினாலும் காற்று நிற்க உள்ளே இடமில்லை.

மார்பு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

“மேடம், பூட்டணும். வரீங்களா?” காவலாளி கீழிருந்து கூப்பிட்டார்.

“அஞ்சு நிமிஷம் அண்ணே!”

கதவு திறந்தே இருந்தது. படியிறங்கினால் வீடு. அவள் கால் வாசல்வரை போயும் விட்டது. அப்போது பின்னால் ஓர் இழுப்பு. நீண்ட, கரகரத்த இழுப்பு. பிறகு ஒன்றுமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். மார்பு தாழ்ந்தபடி நின்றுவிட்டது.

இரண்டு பேருக்குப் போதுமான பயம் அவளுக்கு வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

“இன்னொரு தடவையா? முடியாது” என்றாள்.

முட்டி போட்டாள். தோளைத் தட்டினாள். “ஐயா! கேக்குதா?” கைமேல் கை வைத்து, முழங்கையை நேராக்கி, அமுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ரப்பர் சூடாக இருந்தது. பதினொன்றில் ‘டக்’ வரவில்லை. ‘மடக்’ என்றது. உண்மையான மார்பில் விலா எலும்பு முறியும் சத்தம் அது, வெல்டரிடம் கேட்டிருக்கிறாள். ரப்பருக்கு விலா ஏது? நிறுத்தவில்லை.

முப்பது. இரண்டு மூச்சு. முப்பது. இரண்டு மூச்சு.

இரண்டு நிமிடம்.

“போதும், அடுத்த ஆள்.”

முதுகுக்குப் பின்னால். அவளுடைய குரல். வகுப்பில் பேசும் அதே குரல்.

கைகள் விலகப் பார்த்தன. பற்களைக் கடித்துக்கொண்டாள்.

“யாரும் வர மாட்டாங்க. நான்தான் இருக்கேன். நான் கையை எடுக்க மாட்டேன்!”

அப்போது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கறுத்துப்போன கட்டைவிரல் நகம். தீக்காயத் தழும்புகள். அது பாயிலிருந்துதான் வந்திருந்தது, மாப்பிள்ளைக்கு இல்லாத கை.

“பிடிச்சுக்கோங்க. நானும் விடப் போறதில்ல” என்றாள். அமுக்குவதை நிறுத்தவில்லை.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

ரப்பர் வாய் தானாகத் திறந்தது. உள்ளே ஈரம். புதினா.

குனிந்தாள். முதல் மூச்சைக் கொடுத்தாள். மார்பு நிறைந்தது.

இரண்டாவதை அவள் கொடுக்கவில்லை. அந்த வாயே எடுத்துக்கொண்டது. கடைசிச் சொட்டு வரை.

நிமிர்ந்தாள். காற்றை இழுத்தாள். வரவில்லை. படியில் காவலாளியின் காலடி ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு காலியாக, கண் இருள, கையை நேராக்கி மறுபடி அமுக்கினாள்.

எண்ண அவளிடம் மூச்சில்லை. அவள் கைகளுக்குக் கீழேயிருந்து வெல்டர் எண்ணினார்.

“ஒண்ணு.”